பீட்டில்ஸ் நால்வரின் கையெழுத்து என்கிறார்கள்: யாரிடம் காட்டிச் சரிபார்ப்பது?

கோவை_எல்பி

வணக்கம் நண்பர்களே. பழைய எல்பி தட்டுகள் சேர்ப்பவன் நான். ஆட்டோகிராஃப் பக்கம் இதுவரை போனதில்லை. டேராடூனிலிருந்து ஒருவர், 1960களின் இங்கிலாந்து ராக் குழுவான பீட்டில்ஸின் நால்வரும் கையெழுத்துப் போட்ட தாள் தன்னிடம் இருப்பதாகவும் விற்கத் தயார் என்றும் சொல்கிறார். கோடில்லாத சின்னத் தாள், நீல நிறப் பால்பாயின்ட் பேனா. நான்கு பெயர்களுக்கும் கீழே வேறொரு கையெழுத்தில் 'ரிஷிகேஷ், 18 மார்ச் 1968' என்று இருக்கிறது. அவருடைய தாத்தா அப்போது, அவர்கள் தியானம் கற்கத் தங்கியிருந்த மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்குக் காய்கறி கொண்டுபோய்க் கொடுப்பாராம், அப்போது வாங்கியதாம்.

விலை ஆறு லட்சம். கூடவே ஒரு சான்றிதழும் தருகிறார். தங்க முத்திரை, ஹோலோகிராம் ஸ்டிக்கர், 'நூறு சதவீதம் அசல், வாழ்நாள் உத்தரவாதம்' என்ற வாசகம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அந்த நிறுவனத்தின் பெயரை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. அவர்களுடைய இணையதளத்தில் முகவரியும் இல்லை, கையெழுத்தைப் பார்த்தவர் யார் என்ற பெயரும் இல்லை.

எனக்கு பீட்டில்ஸ் என்றால் உயிர். அதனால்தான் அவசரப்பட்டு விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இசைக்கலைஞர்களின் கையெழுத்தைச் சரிபார்ப்பதில் உண்மையிலேயே நம்பத் தகுந்தவர்கள் யார்?

மயிலாப்பூர்_தட்டுக்கடை

முதலில் அந்தச் சான்றிதழை ஓரமாக வைத்துவிடுங்கள் சார். சான்றிதழ் என்பது யாரோ ஒருவருடைய கருத்து எழுதப்பட்ட காகிதம், அவ்வளவுதான். அந்த 'யாரோ' யார் என்பதில்தான் அதன் மதிப்பு முழுவதும் இருக்கிறது. பெயரே இல்லாத ஒருவரின் கருத்துக்கு என்ன மதிப்பு?

அமெரிக்காவில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்று ஒரு விசாரணை நடத்தியது. கலிஃபோர்னியாவை மையமாக வைத்து இயங்கிய ஒரு கும்பலை 1999 அக்டோபரில் வளைத்துப் பிடித்தார்கள். விளையாட்டு வீரர்களின் கையெழுத்தில் தொடங்கியவர்கள், போகப் போக யார் பெயரையும் விடவில்லை. அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லி விற்ற பேஸ்பால் பந்துகூடப் பிடிபட்டது. போலிக் கையெழுத்து போடுகிறவர் ஒருவர், அதற்குச் சான்றிதழ் கொடுக்கிறவர் இன்னொருவர், இரண்டையும் சேர்த்து விற்கிறவர் மற்றொருவர் என்று தொழிலைப் பிரித்துக்கொண்டு செய்தார்கள். வாங்கியவர்கள் எல்லோர் கையிலும் சான்றிதழ் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: பீட்டில்ஸ் என்றால் சந்தை செவிகொடுக்கும் பெயர்கள் மிகச் சில. அமெரிக்காவில் ஃபிராங்க் கயாஸோ. பல பத்தாண்டுகளாக பீட்டில்ஸ் கையெழுத்து மட்டுமே அவருடைய வேலை. இங்கிலாந்தில் லங்காஷயரின் சோர்லி ஊரில் இருக்கும் டிராக்ஸ் நிறுவனம். ராக், பாப் கலைஞர்கள் என்று பொதுவாக எடுத்துக்கொண்டால் ரோஜர் எப்பர்சன். இவர்களைத் தாண்டி பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் என்ற மூன்று பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. அவை எல்லாத் துறைக் கையெழுத்தையும் பார்ப்பவை.

டொராண்டோ_இசைப்பித்தன்

தம்பி, நிபுணரிடம் போக முதல் அந்தத் திகதியைப் பாருங்கள்.

1968 பெப்ரவரி 16 வாக்கில் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் இந்தியாவுக்கு வந்தார்கள். நாலு நாள் கழித்து பால் மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் வந்து சேர்ந்தார்கள். ரிங்கோவுக்கு அங்குள்ள சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளைகளின் நினைவும் சேர்ந்துகொண்டது. ஏறக்குறைய பத்து நாளில், மார்ச் தொடக்கத்திலேயே மனைவியோடு ஊருக்குத் திரும்பிவிட்டார். பால் மார்ச் கடைசி வரை இருந்தார். ஜானும் ஜார்ஜும் ஏப்ரல் 12இல் கிளம்பினார்கள்.

ஆக மார்ச் 18ஆம் திகதி ரிஷிகேஷில் ரிங்கோ இல்லை. அவர் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். அவருடைய கையெழுத்து அந்தத் தாளில் எப்படி வந்தது என்று விற்பவரைக் கேளுங்கள்.

கோவை_எல்பி

அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. ரிங்கோ சீக்கிரம் கிளம்பியது தெரியும், ஆனால் தேதியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. விற்பவரிடம் கேட்டேன். 'தேதியைத் தாத்தா பிற்பாடு நினைவிலிருந்து எழுதியிருப்பார்' என்கிறார். அதுவும் நடக்கக்கூடியதுதானே?

டொராண்டோ_இசைப்பித்தன்

நடக்கக்கூடியதுதான். வயதானவர்கள் பழைய படங்களின் பின்னால் தப்பான வருசம் எழுதி வைப்பதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். தேதி பிழை என்பதால் மட்டும் கையெழுத்து போலி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இந்தத் தாளுக்கு இருந்த ஒரே எழுத்துச் சாட்சி அந்தத் தேதிதான். அது விழுந்துவிட்டால் மிச்சம் இருப்பது பேரனுடைய வாய்ச்சொல் மட்டும். தாத்தா ஆசிரமத்துக்குப் போய் வந்ததற்கு ஒரு படம், ஒரு கடிதம், ஒரு கணக்குச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தத் தாள் யார் யார் கையில் இருந்தது என்ற வரலாறு எழுத்தில் இருந்தால்தான் பெரிய ஏல நிறுவனம் திரும்பிப் பார்க்கும்.

இன்னொன்று. பீட்டில்ஸ் கையெழுத்து என்றால் 'போலி' என்ற ஒரு வகை மட்டும் இல்லை. அவர்களோடு கூடவே பயணம் செய்த நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் ரசிகர்களுக்காக நாலு பேர் பெயரையும் தாங்களே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். லிவர்பூலில் இருந்த அவர்களுடைய ரசிகர் மன்றத்திலும் அப்படி நடந்திருக்கிறது. நாலு பேரில் ஒருவரே மற்றவர்களுக்கும் சேர்த்துப் போட்ட தாள்களும் உண்டு. வாங்கிய ரசிகர் பொய் சொல்லவில்லை, தாளும் பேனாவும் அந்தக் காலத்தவைதான், குடும்பக் கதையும் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனாலும் கையெழுத்து அவர்களுடையது அல்ல. மால் எவன்ஸ் ரிஷிகேஷுக்கும் போயிருந்தார் என்பதை மனதில் வையுங்கள்.

இதனால்தான் பொதுவான கையெழுத்து நிபுணர் போதாது, பீட்டில்ஸ் மட்டுமே பார்க்கிறவர் வேண்டும் என்கிறேன். நீல் போட்ட 'ஜார்ஜ் ஹாரிசன்' எப்படி இருக்கும், மால் போட்டது எப்படி இருக்கும் என்று தனித்தனியாக மாதிரி வைத்திருப்பவரால்தான் இதைப் பிரித்துச் சொல்ல முடியும்.

மையும்_தாளும்

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காசோலைக் கையெழுத்துகளைப் பார்த்தே காலம் கழிந்தது. இசைக்கலைஞர்களைப் பற்றி அதிகம் தெரியாது, ஆனால் தாளையும் கோட்டையும் பற்றிச் சொல்ல முடியும்.

உண்மையான கையெழுத்து வேகத்தில் பிறக்கிறது. பேனா தாளைத் தொடும்போதே நகர்ந்துகொண்டிருக்கும், எடுக்கும்போதும் நகர்ந்துகொண்டே போகும். அதனால் கோட்டின் தொடக்கமும் முடிவும் மெலிந்து ஊசி போல இருக்கும். பார்த்து வரைகிறவன் மெதுவாக வரைவான். அவனுடைய கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் மழுங்கி, மை திரண்டு நிற்கும். வளைவுகளில் லேசான நடுக்கம் தெரியும், தேவையில்லாத இடத்தில் பேனா நின்று மறுபடி தொடங்கியிருக்கும். உருவம் அச்சாகப் பொருந்தினாலும் இந்த ஓட்டத்தை நகலெடுப்பது மிகக் கடினம். புதிதாகப் பார்ப்பவர்கள் 'எழுத்து ஒத்துப்போகிறதா' என்று மட்டும் பார்க்கிறார்கள். நான் எழுத்தை விட்டுவிட்டுக் கோட்டைத்தான் பார்ப்பேன்.

நல்ல பூதக்கண்ணாடி ஒன்று வாங்குங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் போதும். பால்பாயின்ட் பேனா தாளில் பள்ளம் விட்டுச் செல்லும், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அது தெரியும். அச்சடித்த கையெழுத்தில் பள்ளம் இருக்காது, சிறு சிறு புள்ளிகள் தெரியும். தாளில் மடிப்பு இருந்தால் மடிப்பைக் கோடு கடக்கும் இடத்தைப் பாருங்கள். மடிப்பு விழுந்த பிறகு எழுதியிருந்தால் மை அந்த வெடிப்புக்குள் கசிந்திருக்கும் அல்லது பேனா அங்கே துள்ளியிருக்கும். 'தாத்தா அன்றே வாங்கி மடித்துப் பையில் வைத்தார்' என்று கதை சொன்னால் அந்த ஓர் இடமே கதையைச் சோதித்துவிடும்.

தாள் பழையது என்பதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய புத்தகத்தின் முதல் வெற்றுப் பக்கத்தைக் கிழித்தால் 1960களின் தாள் கிடைத்துவிடும். போலி செய்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

ராக்_ரசிகை

மையும்_தாளும் ஐயா, மிக்க நன்றி. இந்தப் பதிவைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு சந்தேகம். பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ ஸ்டிக்கர் ஒட்டிய பொருளாகப் பார்த்து வாங்கினால் இவ்வளவு யோசிக்க வேண்டாமே? அந்த எண்ணை அவர்களுடைய தளத்தில் போட்டால் விவரம் வருகிறது. எதற்குத் தனி நிபுணர்?

மயிலாப்பூர்_தட்டுக்கடை

பாதி சரி, பாதி சரியில்லை. எண்ணைத் தளத்தில் போட்டுப் பார்ப்பது கட்டாயம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எண் சரியாக இருந்தால் போதாது, அந்த எண்ணுக்குரிய பொருளும் இதுவேதானா என்று பார்க்க வேண்டும். அசலான ஒரு சாதாரணப் பொருளின் எண்ணைப் பார்த்துப் போலி ஸ்டிக்கர் அடிக்கிறார்கள். தளத்தில் படம் இருந்தால் கையெழுத்தைக் கோட்டுக்குக் கோடு ஒப்பிடுங்கள். படம் இல்லாமல் 'கையெழுத்திட்ட புகைப்படம்' என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அந்த எண்ணை நான் சாட்சியாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், இந்த நிறுவனங்கள் இரண்டு விதமாகச் சான்று தருகின்றன. ஒன்று, கலைஞர் கையெழுத்துப் போடும்போது அவர்களுடைய ஆள் அருகில் நின்று பார்த்துத் தருவது. மூன்று நிறுவனங்களிடமும் அப்படி ஒரு பிரிவு உண்டு. அது சாட்சி. இன்னொன்று, பிற்பாடு தாளைப் பார்த்து ஒப்பிட்டுச் சொல்வது. அது கருத்து. ஸ்டிக்கர் எந்த வகை என்று படித்துப் பார்க்காமலே பலர் வாங்குகிறார்கள். லெனன் 1980லும் ஹாரிசன் 2001லும் காலமாகிவிட்டார்கள். நால்வர் கையெழுத்தைப் பொறுத்தவரை யாரும் தரக்கூடியது கருத்து மட்டுமே.

நாள் முழுவதும் பேஸ்பால் பந்தைப் பார்க்கிற கூடத்துக்கு ஒரு ராக் கையெழுத்து போனால், அதைப் பார்ப்பவருக்கு அந்தத் துறையில் எவ்வளவு பழக்கம் என்று நமக்குத் தெரியாது. விலை குறைந்த பொருளுக்கு அது பரவாயில்லை. ஆறு லட்சத்துக்கு நான் அதை ஏற்க மாட்டேன்.

நெல்லை_கிட்டார்

நான் இதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். நீங்கள் சொன்ன கயாஸோவும் டிராக்ஸும் பீட்டில்ஸ் பொருள்களை வாங்கி விற்கிறவர்கள்தானே? நகைக்கடைக்காரரே உரசிப் பார்த்துத் தரம் சொன்னால் எப்படி நம்புவது? தான் விற்கும் பொருளை நல்லது என்றும், போட்டியாளர் விற்பதைச் சந்தேகம் என்றும் சொல்ல அவருக்குக் காரணம் இருக்கிறது. விற்பனையே செய்யாத நிறுவனம்தான் நடுநிலையானது என்பது என் கருத்து.

மயிலாப்பூர்_தட்டுக்கடை

நியாயமான கேள்வி, ஆனால் இந்தத் துறையில் நடைமுறை வேறு. விற்பனையே செய்யாதவர் தப்பாகச் சொன்னால் அவருக்குப் போவது கட்டணமும் கொஞ்சம் பெயரும். தன் பணத்தைப் போட்டு வாங்குகிறவர் தப்பாகப் பார்த்தால் அவருடைய முதலே போய்விடும். அப்படித் தன் கைப்பணத்தில் பல ஆண்டுகள் நின்று காட்டியவருடைய கண் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். மற்ற ஏல நிறுவனங்களும் பீட்டில்ஸ் பொருளை ஏலத்துக்கு எடுக்கும்போது கயாஸோவின் கடிதத்தை இணைக்கின்றன. போட்டியாளர்களே ஏற்கிறார்கள் என்பதை விடப் பெரிய சான்று என்ன வேண்டும்?

நான் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: நாளைக்கு இதை விற்கப் போனால் ஹெரிடேஜ், போனம்ஸ், சதபீஸ் போன்ற ஏல நிறுவனங்கள் இந்தக் கடிதத்தை ஏற்குமா? ஏற்காது என்றால் அந்தக் கடிதத்தால் எனக்குப் பயன் இல்லை.

நெல்லை_கிட்டார்

போட்டியாளர் ஏற்பது உண்மையிலேயே வலுவான வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒருவருடைய கண்ணை மட்டும் நம்பி ஒரு சந்தையே நடப்பது எனக்கு ஏற்பாக இல்லை. குறைந்தது இரண்டு பேரிடம் காட்டுவது நல்லது, அதிலும் ஒருவருக்கு மற்றவர் என்ன சொன்னார் என்று தெரியாமல் காட்ட வேண்டும். விற்பவரிடமோ வாங்குபவரிடமோ அவர்களுக்கு வேறு தொடர்பு இருக்கக் கூடாது.

மயிலாப்பூர்_தட்டுக்கடை

அதற்கு நான் முழு மனதோடு சம்மதிக்கிறேன்.

சென்னை_நூலகம்

பெரிய பெயர் என்றாலே நம்பிவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. 2022 நவம்பரில் பாப் டிலனின் புதிய புத்தகத்துக்கு, அவரே கையெழுத்திட்ட சிறப்புப் பிரதிகள் 900 என்று அறிவித்து, ஒன்று 599 டாலருக்கு விற்றார்கள். ஒவ்வொரு பிரதியோடும் பதிப்பகத்தின் தலைவரே கையெழுத்திட்ட உறுதிக் கடிதமும் வந்தது. அதைவிட நேரான வழி இருக்க முடியுமா? கலைஞர், அவருடைய பதிப்பகம், வாசகர், இடையில் யாருமே இல்லை.

பிரதிகள் கைக்குக் கிடைத்ததும் ரசிகர்கள் படம் எடுத்து ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டார்கள். பல கையெழுத்துகள் அச்சு அசலாக ஒன்றின் மேல் ஒன்று பொருந்தின. மனிதக் கை இரண்டு தடவை ஒரே மாதிரி கையெழுத்துப் போடாது. ஆட்டோபென் என்ற இயந்திரம் போட்டவை அவை. பதிப்பகம் எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. டிலனும் அறிக்கை வெளியிட்டார். 2019இல் தனக்குத் தலைச்சுற்றல் நோய் வந்ததாகவும், அது பெருந்தொற்றுக் காலத்திலும் தொடர்ந்ததாகவும், ஒப்பந்தக் கெடு நெருங்கியதால் இயந்திரத்தைப் பயன்படுத்தியதாகவும், அது தவறு என்றும் சொன்னார். சில ஓவியப் பிரதிகளிலும் அப்படி நடந்ததை அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

இதைக் கண்டுபிடித்தது எந்த நிறுவனமும் அல்ல. நம்மைப் போல ஒரே பொருளை நேசிக்கிறவர்கள் கூடிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி.

ராக்_ரசிகை

அப்படியானால் கலைஞரின் அதிகாரபூர்வக் கடையில் வாங்கும் கையெழுத்திட்ட சிடிகளும் சந்தேகத்துக்குரியவையா?

சென்னை_நூலகம்

எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டாம் தோழி. இன்று உயிரோடு இருக்கும் கலைஞர் என்றால் அதிகாரபூர்வக் கடைதான் இன்னமும் சிறந்த வழி, விலையும் குறைவு. வாங்கியதும் மற்ற ரசிகர்களின் பிரதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அது போதும். கையால் போட்டவை என்றால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். கை சோர்ந்துபோன கடைசிப் பிரதிகள் அவசரமாகக்கூட இருக்கும்.

டொராண்டோ_இசைப்பித்தன்

தம்பி கோவை, இன்னும் ஒரு விடயம். நான்கு பேரின் கையெழுத்தும் ஒரே மாதிரியாகவே இருந்துவிடவில்லை. 1962, 63இல் கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் போட்டார்கள். 64இலிருந்து கூட்டம் நெருக்க நெருக்க எழுத்து சுருங்கி வேகம் கூடியது. 1966 ஆகஸ்ட் 29இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கடைசிக் கச்சேரியை முடித்து ஊர் ஊராகப் போவதை நிறுத்திய பிறகு, நான்கு பேரும் ஒரே தாளில் போட்டது மிக அரிது. அவர்களுடைய 'சார்ஜண்ட் பெப்பர்' எல்பி உறையில் நால்வரும் போட்ட ஒரு பிரதி 2013இல் ஹெரிடேஜ் ஏலத்தில் 2,90,500 டாலருக்குப் போனதன் காரணம் அந்த அபூர்வம்தான்.

ஆகவே 1968 தாள் என்றால் 1968 எழுத்து இருக்க வேண்டும். உங்கள் தாளில் இருப்பது எந்த வருசத்துப் பாணி? படத்தில் முடிந்தவரை பெரிதாக்கிப் பாருங்கள். புத்தகங்களிலும் ஏலப் பட்டியல்களிலும் அதிகம் அச்சானவை 63ஆம் ஆண்டுக் கையெழுத்துகள். போலி செய்கிறவர்களுக்கு மாதிரியாகக் கிடைப்பதும் அவைதான்.

இந்தியாவுக்கு அவர்கள் வந்த இன்னொரு தடவையும் உண்டு. 1966 ஜூலை முதல் கிழமையில் மணிலாவிலிருந்து திரும்பும் வழியில் டெல்லியில் இறங்கி ஓபராய் ஹோட்டலில் தங்கினார்கள். நால்வரும் சேர்ந்து இருந்தார்கள். டெல்லித் தாள் என்று யாராவது கொண்டுவந்தால் கதையாவது பொருந்தும். கையெழுத்தை அப்போதும் பார்க்கத்தான் வேண்டும், நீலும் மாலும் அந்தப் பயணத்திலும் கூட இருந்தார்கள்.

கோவை_எல்பி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழுவதும் ஏலத் தளங்களின் பழைய பட்டியல்களைப் பார்த்தேன். விற்பவர் அனுப்பிய படத்தில் இருக்கும் எழுத்து, 63ஆம் ஆண்டு ஆட்டோகிராஃப் புத்தகப் பக்கங்களில் இருப்பது போலப் பெரிதாக, முழுப் பெயராக, நிதானமாக இருக்கிறது. நான்கு பெயர்களும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கின்றன. ஏலத்தில் போன நல்ல தாள்களில் ஒருவர் மேலே, ஒருவர் சாய்வாக, ஒருவர் ஓரத்தில் இடம் தேடி என்று அவரவர் பாட்டுக்குப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு இந்தத் தாளின் வரிசை கண்ணை உறுத்துகிறது.

ஒரு கேள்வி. எல்பி உறையில் கையெழுத்து இருந்தால் உறையை வைத்தே ஏதாவது சொல்ல முடியுமா? இதற்குப் பிறகு தேடினால் தட்டாகத்தான் தேடுவேன் போலிருக்கிறது.

மயிலாப்பூர்_தட்டுக்கடை

நிச்சயம் முடியும், அதுவும் உங்களைப் போலத் தட்டு தெரிந்தவருக்கு அது பெரிய பலம். அவர்களுடைய முதல் எல்பி 'பிளீஸ் பிளீஸ் மீ' 1963 மார்ச்சில் வந்தது. முதலில் வந்த பிரதிகளில், தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் பார்லஃபோன் நிறுவன லேபிள் கறுப்பும் தங்க நிறமும். அந்த ஆண்டே கறுப்பு மஞ்சளுக்கு மாறியது. 1969, 70க்குப் பிறகு வெள்ளி நிற எழுத்தும், தாய் நிறுவனமான இஎம்ஐயின் பெயர் போட்ட சிறு பெட்டியும் வந்துவிட்டன. உறையும் அப்படித்தான். 60களின் உறையில் பின்பக்கம் ஓரங்கள் மடித்து ஒட்டப்பட்டிருக்கும், பிற்கால உறையில் அது இருக்காது. இப்போது ஒருவர் 63ஆம் ஆண்டுப் பாணியில் நால்வர் கையெழுத்தும் போட்ட தட்டைக் கொண்டுவருகிறார், உறையோ 70களின் மறுபதிப்பு. பேச்சு அங்கேயே முடிந்தது. 70இல் குழுவே பிரிந்துவிட்டது.

உறையும் தட்டும் வெவ்வேறு காலத்தவையாக இருந்தால் மட்டும் கவலைப்படாதீர்கள், தட்டை மாற்றி வைத்திருப்பார்கள். கையெழுத்து எதன் மேல் இருக்கிறதோ அதன் காலம்தான் முக்கியம்.

பேனாவையும் பாருங்கள். ஷார்ப்பி மார்க்கர் பேனா சந்தைக்கு வந்ததே 1964இல்தான். ஷார்ப்பியில் 63 தேதியிட்ட கையெழுத்தைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

மையும்_தாளும்

பணம் கொடுக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விற்பவர் தனிநபர். பிற்பாடு தகராறு என்றால் நுகர்வோர் ஆணையம் போவது எளிதல்ல, ஏனென்றால் அவர் வணிகர் அல்ல. எனவே பணம் போகும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்: என்ன பொருள், யாருடைய கையெழுத்து என்று சொல்லி விற்கிறார், பெயர் குறிப்பிட்ட இந்த நிபுணர் இத்தனை நாளுக்குள் மறுத்தால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும் என்று. முத்திரைத் தாளில், அடையாள அட்டை நகலோடு. தொகை வங்கி வழியாக மட்டும் போக வேண்டும்.

மூலத் தாளை வெளிநாட்டுக்கு உடனே அனுப்ப வேண்டாம். நல்ல ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் எடுத்து மின்னஞ்சலில் முதல் கருத்துக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். மேலே போகலாம் என்றால் பிறகு தாளை அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம். ஒரு சிலர் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தை நினைத்துப் பயப்படுவார்கள். அது நூறாண்டுப் பழமையானவற்றுக்கும், கையெழுத்துச் சுவடி என்றால் எழுபத்தைந்து ஆண்டுக்கும்தான். 1968 தாள் அதில் வராது. ஆனால் அனுப்பும்போது திரும்பி வரும் பொருள் என்று சுங்கப் படிவத்தில் சரியாகக் குறிப்பிடாவிட்டால், உங்கள் தாளே இறக்குமதிப் பொருளாகி வரி கேட்பார்கள்.

கோவை_எல்பி

முடிவு சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். விற்பவரிடம் மூன்று விஷயம் கேட்டேன்: தாத்தா ஆசிரமத்துக்குப் போய் வந்ததற்கு ஏதாவது ஆவணம், 600 புள்ளி ஸ்கேன், நிபுணர் மறுத்தால் பணம் திரும்பும் என்ற ஒப்பந்தம். ஆவணம் வெள்ளத்தில் போய்விட்டதாம். ஸ்கேன் எடுத்தால் மை மங்கிவிடும் என்கிறார். ஒப்பந்தத்துக்கு, 'சான்றிதழ்தான் இருக்கிறதே, என் மேல் நம்பிக்கை இல்லையா' என்றார். அதோடு வேறொரு ஆள் ஏழு லட்சத்துக்குத் தயாராக இருப்பதாகவும், நாளைக்குள் சொல்ல வேண்டும் என்றும் செய்தி அனுப்பினார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எல்லோரும் நேரம் ஒதுக்கி எழுதியிராவிட்டால் அந்த 'நாளைக்குள்' என்னை வீழ்த்தியிருக்கும்.

மையும்_தாளும்

ஒரு தடவை ஸ்கேன் செய்வதால் மை மங்காது. தாளைச் சுவரில் வெயில் படும் இடத்தில் மாட்டினால்தான் மங்கும்.

ராக்_ரசிகை

நல்ல முடிவு அண்ணா. இந்த இழையிலேயே இன்னொரு உதவி கேட்கலாமா? எங்கள் பாட்டியிடம் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா கையெழுத்திட்ட ஒரு எல்பி இருக்கிறது. கச்சேரி முடிந்து நேரில் வாங்கியது. விற்கப் போவதில்லை, ஆனால் பிற்காலத்தில் யாரும் சந்தேகப்படாமல் இருக்க வேண்டும். அமெரிக்க நிறுவனங்களுக்கு அனுப்பலாமா?

டொராண்டோ_இசைப்பித்தன்

அனுப்பாதீர்கள் தங்கச்சி. சிதார் ரவிசங்கர் என்றால் சரி, மான்டெரே, வுட்ஸ்டாக் இசை விழாக்கள், 1971 பங்களாதேசக் கச்சேரி என்று மேற்கிலேயே அவர் நிறையக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஒப்பிட மாதிரி கிடைக்கும். கர்நாடக இசைக்கலைஞர்களுக்கு அங்கே ஒப்பிடப் போதிய மாதிரி இருக்கும் என்று நான் நம்பவில்லை. அதிலும் தமிழில் போட்ட கையெழுத்தைப் படிக்கக்கூடத் தெரியாதவர் அதன் ஓட்டத்தை எப்படி எடைபோடுவார்?

உங்களிடம் அவர்களால் தர முடியாத ஒன்று இருக்கிறது, பாட்டி. நேரில் வாங்கியவர் இருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். எந்தச் சபாவில், எந்த வருசம், யாரோடு போனார், எந்தப் பேனா, கூட்டத்தில் எப்படிப் போய் வாங்கினார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துக் காணொளி எடுங்கள். அந்த எல்பியை அவர் கையில் பிடித்திருக்க வேண்டும், கையெழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். அதையே எழுதிப் பாட்டியின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கச்சேரி நுழைவுச்சீட்டோ நிகழ்ச்சி நிரலோ வீட்டில் இருந்தால் தட்டோடு சேர்த்து வையுங்கள்.

மையும்_தாளும்

பிளாஸ்டிக் உறை வாங்கும்போது பிவிசி வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள் அம்மா. பிவிசி உறை சில வருடத்தில் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும்.

ராக்_ரசிகை

ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போகிறேன். கேமராவும் எடுத்துப் போகிறேன்.